சிவகாசியில் இரத்தம் அச்சடித்த கதை

நான் இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் பகுதியில் எல்லோரும் காசி, இராமேஸ்வரம் என்று நினைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது திருநீறு கொண்டுவரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். நான் போனது எட்டு வட்டங்களை அச்சடித்துக்கொண்டு வர.

ஐம்பதுகளின் கடைசி அது. மலாயாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்கிற பகுதியில் நான் செய்முறை ஆசிரியன். காலையில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். மத்தியானத்துக்கு மேல் ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளெல்லாம் அனுப்பும் இரத்தத்தைப் பரிசோதித்து, இன்னாருக்கு டைபாய்டு, இன்னாருக்கு வெளியே சொல்ல முடியாத வியாதி என்று முடிவு எழுதி அனுப்பும் வேலை. இதற்காக முயல்களும் சீமைப் பெருச்சாளிகளும் ஒரு செம்மறியாடும் வளர்த்தோம். எங்கள் பேராசிரியர் வெள்ளைக்காரர். முயல்களைத் தவிர வேறு யாரிடமும் அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற நாட்களில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸ்ஸர்தான் எல்லாம். டிரஸ்ஸர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். அவர்களுக்கு இரத்த வகை பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். சீரம் என்பது இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர். பீங்கான் தட்டில் இரண்டு விதச் சீரம் தனித்தனிச் சொட்டாக, ஒவ்வொன்றிலும் ஆளுடைய இரத்தம் ஒரு சொட்டு. தனக்குச் சேராத சீரம் பட்டால் இரத்தம் திரிந்து கட்டி கட்டியாக நிற்கும். மற்றதில் வழவழவென்று கிடக்கும். எது திரிந்தது, எது திரியவில்லை என்பதை வைத்து வகை தெரிந்துவிடும். நாலு வகை, வகைக்கு இரண்டு சொட்டு, ஆக எட்டு வட்டம். அதைச் சுவரில் மாட்டுகிற வண்ணப் படமாக, தமிழில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேராசிரியரின் ஆசை.

"தமிழில் வண்ணப்படம் என்றால் எங்கே?" என்று கேட்டார். எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் முருகன் காலண்டர்கள் அத்தனையும் சிவகாசியில் அடித்தவை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கப்பலில் இருந்தேன். கையில் எங்கள் ஓவியர் வரைந்த மாதிரிப் படம். கூடவே, இரத்தம் உண்மையில் எப்படித் திரியும் என்று அச்சகத்தாருக்குக் காட்டுவதற்காக ஒரு பிளாஸ்கில் ஐஸ் போட்டு இரண்டு குப்பிச் சீரம். "சீரம் கெடக்கூடாது" என்று பேராசிரியர் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கப்பலை விட்டு ரயிலேறி விருதுநகரில் இறங்கியபோது வெயில் என்னை ஆள் பார்த்து அடித்தது. பினாங்கில் பிறந்தவனுக்கு மழை இல்லாத ஊர் என்றால் என்னவென்றே தெரியாது. எங்களுக்கெல்லாம் மத்தியானம் மூன்று மணி மழை என்பது மத்தியானம் மூன்று மணி தேநீர் மாதிரி. இங்கே வானத்தைப் பார்த்து "மழை வருமா?" என்று ஒருவரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்றார்.

முதல் வேலை ஐஸ். ஐஸ் பாக்டரி அன்று மூடியிருந்தது. சைக்கிளில் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டு போனவரை நிறுத்தி, பெட்டியில் இருந்த அத்தனையையும் வாங்கிக் குச்சியோடு பிளாஸ்கில் திணித்தேன். உலகத்திலேயே ரோஸ் கலர் சேமியா ஐஸில் பாதுகாக்கப்பட்ட ஒரே சீரம் அதுவாகத்தான் இருக்கும்.

இராத்திரிச் சாப்பாடு எண்ணெய் பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது ஒன்றுவிட்ட அண்ணன், கொஞ்சம் முரடு. எண்ணெயில் முக்கிப் பொரித்து, நொறுக்கி, மேலே சால்னாவைக் குளமாக ஊற்றிவிட்டார்கள். இரண்டு போதும் என்றேன். "வெளியூரா? கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று பரிமாறியவர் மேலும் மூன்றை வைத்துவிட்டுப் போனார். கூச்சப்படாமல் சாப்பிட்டேன். மறுநாள் காலை வரை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

சிவகாசிக்குப் பஸ். ஆமத்தூர் தாண்டுவதற்குள் வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி ரேடியேட்டரைப் பார்த்தார், சுற்றிலும் இருந்த கரிசல் காட்டைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக என் மடியில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அதுல என்ன இருக்கு?"

"ஐஸ். தர முடியாது. உள்ளே சீரம் இருக்கிறது."

"ஐஸ்தான? எப்படியும் தண்ணியாத்தான் ஆகப்போகுது. இப்பமே குடுத்தா வண்டியும் போகும், நீங்களும் போவீக."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் டிரைவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நான் பிளாஸ்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் ஒரு அம்மாள், "பாவம், பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பிடிக்க மாட்டாக" என்று சொன்னது கேட்டது. கடைசியில் கிணற்றடியிலிருந்து யாரோ குடம் கொண்டு வந்தார்கள். சிவகாசி வரை யாரும் என்னோடு பேசவில்லை.

அச்சகத்து முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரல் நுனியில் மட்டும் நாலு நிற மை. "வாங்க அண்ணாச்சி, வாங்க. சாப்பிட்டீகளா? மொதல்ல கலர் குடிங்க" என்று ஒரு பாட்டில் ஆரஞ்சுக் கலரைக் கையில் திணித்தார். பிறகு படத்தை விரித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. என்ன மார்க் போடணும்?"

"மார்க் எல்லாம் வேண்டாம்."

"மார்க் இல்லாம எப்படிங்க? தீப்பெட்டின்னா மார்க், வெடின்னா மார்க். அடையாளம் இல்லாம ஆளு எப்படிக் கேட்டு வாங்குவான்?"

"இது விற்பதற்கு இல்லை. ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரின்னாலும் அடையாளம் வேணும்லா. உங்க ஆபீஸ்ல என்னென்ன இருக்கு?"

முயல், பெருச்சாளி, ஆடு என்றேன். அவர் கண்ணை மூடி யோசித்து, "முயல் மார்க். அம்சமா இருக்கும்" என்று முடித்துவிட்டார். வாதாட எனக்குத் தெம்பில்லை. பேராசிரியருக்கும் பிடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

"ஒண்ணு சொல்லிடுதேன்" என்றார் முதலாளி. "தீபாவளி லேபிள் சீசன் இப்பம்தான் ஓஞ்சிருக்கு. அடுத்து காலண்டர் ஆர்டர். நடுவுல இந்த வாரம் மட்டும் ஒரு மெஷின் சும்மா கெடக்கு. சனிக்கிழமைக்குள்ள அடிச்சு முடிச்சிரணும். விட்டுட்டா பொங்கல் கழிச்சுத்தான்." என் கப்பல் அதற்கு முன்பே போய்விடும். தோட்டத்து டிரஸ்ஸர்கள் பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் நாளில் இந்தப் படம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருடம் அவர்கள் ஞாபகத்தை நம்பித்தான் இரத்தம் ஏற்றுவார்கள். அந்த ஞாபகத்தைத் தேர்வில் பார்த்தவன் நான்.

படத்தைத் தகட்டில் ஏற்றுகிற ஆர்ட்டிஸ்ட் சங்கரலிங்கத்திடம் என்னை ஒப்படைத்தார்கள். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. சிவப்புக்கு ஒரு தகடு, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. அந்தத் தகடுகளில் தப்பித் தவறி விழுந்திருக்கும் மைப்புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிச் சுரண்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். "நம்ம கம்பெனி லேபிள்ல ஒரு புள்ளி காட்டுங்க, இந்த வேலைய விட்டுடுதேன்" என்றார். நான் எங்கே காட்டுவது? இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். நான் காராசேவு வாங்கித் தின்றுகொண்டு ஊர் சுற்றினேன்.

இரண்டு நாள் கழித்து முதல் பிரதியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். மேலே முயல். காது இரண்டும் விறைத்து, நெற்றியில் சின்னதாகக் குங்குமம் வைத்திருந்தது. கீழே எட்டு வட்டம். எட்டும் ஒன்றுபோல, ஒரு திரிதல் இல்லாமல், நெய் தடவியதுபோல மினுமினுத்தன.

"கட்டியெல்லாம் எங்கே?" என்றேன்.

"எந்தக் கட்டி?"

"நாலு வட்டத்தில் புள்ளிப் புள்ளியாக இருந்ததே."

சங்கரலிங்கம் முகம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்கீக. நீங்க கொண்டாந்த படத்துல ரத்தமெல்லாம் ஒரே தூசி. கப்பல்ல வந்ததுல்லா. ரெண்டு நாளா உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். கண்ணு போச்சு. இப்பம் பாருங்க, எம்புட்டு சுத்தம்."

அந்தப் படத்தின்படி உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே வகை இரத்தம். யார் இரத்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். அதைப் பார்த்து ஏற்றினால் நாலு பேரில் இரண்டு பேர் உயிரோடு இருப்பது சந்தேகம்.

கட்டிகள் வேண்டும் என்று கெஞ்சினேன். அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் முதலாளி சொன்னதால் மறுநாள் போட்டுக்கொண்டு வந்தார். கட்டிகள் இருந்தன. மாக்கோலம் மாதிரி, வரிசைக்கு ஏழாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தன. ஓரத்துக்கு ஒரு தங்கப்பொடி வளையமும் சுற்றியிருந்தார். "அழுக்குதான் வேணும்னா, அதையாவது ஒழுங்கா போடணும்லா" என்றார்.

இனிமேல் பேசிப் பிரயோசனம் இல்லை என்று பிளாஸ்கைத் திறந்தேன். ரோஸ் தண்ணீரில் குச்சிகளுக்கு நடுவே குப்பிகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. மேஜையில் பீங்கான் தட்டை வைத்து, சங்கரலிங்கத்தின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். முதல் சீரத்தில் கலந்து தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரத்தம், எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்து நின்றது.

அவர் குனிந்து பார்த்தார். "தட்டு கழுவலையோ?" என்று சொல்லிக்கொண்டே வேட்டி நுனியால் துடைத்துவிட்டார்.

மறுபடி குத்தினேன். மறுபடி திரிந்தது. மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை என் தட்டில் நம்பிக்கை இல்லாமல், தானே தேய்த்துத் தேய்த்துக் கழுவிய ஒரு கண்ணாடிச் சில்லைக் கொண்டுவந்தார். அதிலும் திரிந்தது. அதற்குள் அச்சகமே எங்களைச் சுற்றி நின்றது. முதலாளி தன் விரலை நீட்டினார். அதே சீரத்தில் அவருடைய இரத்தம் வழவழவென்று கிடந்தது.

சங்கரலிங்கம் முகம் வாடிவிட்டது. "அப்பம் முதலாளி ரத்தம் சுத்தம். என் ரத்தம்தான் அழுக்கு. அம்புட்டுதான?"

"அப்படி இல்லை" என்று அவசரமாக முதலாளியின் இன்னொரு சொட்டை இரண்டாவது சீரத்தில் கலந்தேன். அது கட்டி கட்டியாகத் திரிந்தது. சங்கரலிங்கத்துக்கு உயிர் வந்தது. முதலாளிக்குப் போய்விட்டது. "நம்ம ரத்தத்துலயுமா?" என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்கு இல்லை, வகை வேறு, அவ்வளவுதான் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. இரண்டிலும் திரியாத சுத்த ரத்தம் யாருக்கு என்று கண்டுபிடித்தே தீருவது என்று எல்லோரும் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒரு குத்துக்குச் சம்மதிக்க வைக்க அரை நாள் ஆகும்.

லேபிள் எண்ணிக் கட்டுகிற பேச்சியம்மாளின் இரத்தம் இரண்டு சீரத்திலும் ஒரு பொட்டுக்கூடத் திரியவில்லை. ஒரு பெருமூச்சு எழுந்தது. "நான் செவ்வா வெள்ளி கவிச்சி தொடமாட்டேன்லா" என்று அந்த அம்மாள் அடக்கமாகச் சொன்னார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும், இந்த வகைக்காரர்கள் யாருக்கு வேண்டுமானாலும் இரத்தம் கொடுக்கலாம், ஆனால் வாங்குவது என்றால் தங்கள் வகைக்காரர்களிடம் மட்டும்தான் வாங்க முடியும் என்றும் விளக்கினேன்.

பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தார். "எல்லாருக்கும் நான் குடுக்கணும். எனக்குன்னா ஒருத்தரும் கிடையாது. எங்க வீட்லயும் அதே கததான்" என்று சொல்லிவிட்டு லேபிள் எண்ணப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு சங்கரலிங்கத்தைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். ரப்பர் தோட்டம், பக்கத்தில் டாக்டர் இல்லை. பிரசவத்தில் இரத்தம் போய்க் கிடக்கிறாள் ஒருத்தி. அவளுடைய அண்ணன் கையை நீட்டுகிறான். டிரஸ்ஸர் தட்டில் கலந்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். சுவரில் நீங்கள் போட்ட படம். தட்டில் இருப்பது படத்தில் இருப்பதுபோல அசிங்கமாக இருந்தால்தான் அவர் வகையைச் சரியாகச் சொல்வார். தட்டில் நடக்கிற இந்தத் திரிதல் அவள் இரத்தக் குழாய்க்குள் நடந்தால் பிழைக்கமாட்டாள். கோலம் போட்டால் அவருக்கு எப்படிப் புரியும்?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அந்தப் பொம்பளைக்காகச் செய்யுதேன். ஆனா என் கையி கேக்காது. ஒழுங்காத்தான் போகும். நீங்க போடுங்க. உங்களுக்கு வரையத் தெரியுமா?"

"சுத்தமாகத் தெரியாது."

"அப்பம் நீங்கதான் சரி."

பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தார். மையில் தோய்த்து, விரலால் தட்டி, சிவப்புத் தகட்டில் நாலு வட்டங்களுக்குள்ளே தெறிக்கவிட வேண்டும். மற்ற இடங்களைக் காகிதத்தால் மூடியிருந்தார். நான் தெறித்தேன். பாதி தகட்டில், மீதி அவர் சட்டையில். கட்டிகள் பெரிதும் சிறிதுமாக, கோணல்மாணலாக, நிஜ இரத்தத்தை அப்படியே உரித்துவைத்த மாதிரி விழுந்தன. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவர் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சனிக்கிழமை காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஓடிய வேகத்தில் நின்றது. மெஷின்மேன் மாரியப்பன் ஒரு துணியை நனைத்துக்கொண்டு தகட்டின்மேல் குனிந்திருந்தார். "அம்புட்டும் புள்ளி. யாரு பார்த்த தகடு இது?"

எனக்கு முன்னால் ஓடியவர் சங்கரலிங்கம். "ஏலே மாரியப்பா, கைய எடு. அழுக்கத் தொடாத."

மாரியப்பன் திகைத்துப்போனார். சங்கரலிங்கத்தின் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அந்த அச்சகத்தில் யார் எதிர்பார்த்திருப்பார்கள்? அதோடு விடவில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். துணியோடு யார் வந்தாலும் விரட்டினார். தாளை எடுத்து அடுக்க வந்தவர் பழக்கதோஷத்தில் நகத்தால் ஒரு கட்டியைச் சுரண்டிப் பார்த்ததற்கு அவர் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தாளையும் எடுத்து, என் அசிங்கம் முழுசாக விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த மனிதரை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசி நிறம் கறுப்பு. எழுத்துகளெல்லாம் அதில்தான் வரும். தகட்டை மெஷினில் மாட்டப் போகும்போது சங்கரலிங்கம் எழுந்து முதலாளியின் முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, அடியில நம்ம கம்பெனி பேரு இருக்கு. அது வேண்டாம்."

"ஏன்? கப்பலேறிப் போற சரக்கு. நாலு பேரு பாப்பாக. ஆர்டர் வரும்."

"படம் சரியாத்தான் இருக்கு. அண்ணாச்சி சொன்னாக, ஆளு பொழைப்பான். அது போதும். ஆனா இம்புட்டுப் புள்ளியோட நம்ம பேரு சுவத்துல தொங்க வேண்டாம் முதலாளி. நான் உசிரோட இருக்கையில வேண்டாம்."

முதலாளி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டார். சங்கரலிங்கம் தகட்டைத் தன் மேஜைக்குக் கொண்டுபோய், சின்னக் கத்தியால் அச்சகத்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சுரண்டி எடுத்தார். முடிந்ததும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு புள்ளி இல்லை.

"நீங்களும் வெளிய சொல்லிராதீக" என்றார் என்னிடம். வாக்குக் கொடுத்தேன்.

படங்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. பேராசிரியர் முயலைப் பார்த்துச் சிரித்தார்; அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து, மலாயாவின் வடக்கே கெடா மாநிலத் தோட்டத்து டிரஸ்ஸர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பிரசவத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய அண்ணன் கையை நீட்டினானாம். இவர், தட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த இரத்தம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அடிக்க வந்துவிட்டான். பிறகு தம்பியின் இரத்தம் சேர்ந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

"தட்டுல இருக்குற மாதிரியே அச்சு அசலா இருந்துச்சு சார். இவ்வளவு நேர்த்தியான வேலையை எந்தக் கம்பெனியில அடிச்சாங்க?" என்று கேட்டார்.

வாய் வரை வந்துவிட்டது. தெரியாது என்றேன்.

இங்கேயும் சொல்லப் போவதில்லை. சங்கரலிங்கம் என்பதும் அவர் பெயர் இல்லை.